பொம்மைக் கடையில் ஒரு கயிறு

துபாயிலிருந்து வருகிறவர்கள் என்னென்னவோ கொண்டு வருவார்கள். கம்பளி, கோடாலித் தைலம், பால்பவுடர். எங்கள் தெருவில் ஒருவர் பெரிய டிவியைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டே வந்தார். என் வீட்டுக்காரர் முஃபீத் மார்க்கெட்டிங் கொண்டு வந்தார். பெட்டியில் இருந்திருந்தால் தூக்கிப் பரணில் போட்டிருப்பேன். அது மண்டைக்குள் இருந்து தொலைத்தது.

அங்கே ஒரு பெரிய கடையில் பொம்மைப் பிரிவில் ஏழெட்டு வருஷம் வேலை பார்த்தவர் அவர். இங்கே குற்றாலத்தில், மெயினருவிக்குப் போகிற வழியில், எங்களுக்கும் ஒரு பொம்மைக் கடை உண்டு. அந்த ஏழெட்டு வருஷமும் அதை நடத்தியது நான், நஸீபா. தென்காசியில் பஸ் ஏறி வந்து, ஷட்டரைத் தூக்கி, சீசன் கூட்டத்தில் நின்று, சாரலில் ஊறிப்போன அட்டைப்பெட்டிகளைக் காயவைத்து, கல்லாவில் உட்கார்ந்து கட்டிக் காத்தேன். "ஒத்தப் பொம்பள கடை வச்சிருக்காளே" என்று ஆரம்பத்தில் நீட்டி முழக்கிய வாய்கள் எல்லாம் பிறகு தங்கள் பிள்ளைகளுக்குப் பந்து வாங்க என்னிடம்தான் வந்தன.

கடைக்குப் பெயர் 'நிலோபர் டாய்ஸ்'. நிலோபர் எங்கள் ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. போர்டில் அவள் பெயரை எழுதிய அன்றே இந்தக் கடை அவளுக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால்தானே ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள்.

என் கடையில் ஒழுங்கு என்று ஒன்றும் கிடையாது. குவியல்தான். அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வருகிற பிள்ளைகள் அந்தக் குவியலுக்குள் கையை விட்டு, அகப்பட்டதை இழுப்பார்கள். இழுத்ததைத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். பெற்றவன் பையைத் திறந்துதான் ஆகவேண்டும். அதுதான் என் மார்க்கெட்டிங்.

சனி, ஞாயிறு என்றால் நிலோபர் கடையில்தான் இருப்பாள். அவளுக்கு ஒரு வேலை உண்டு. வாசலில் மணலைக் குவித்து, ரிமோட் ஜேசிபியை ஓட்டிக் காட்டுவாள். மஞ்சள் வண்டி முன்னால் போய், கையை இறக்கி, மணலை அள்ளி, திரும்பி, தட்டும். "அண்ணாச்சி, கால எடுங்க, கெணறு தோண்டுதோம்" என்பாள். கூட்டம் நிற்கும். பார்த்த எவரும் வெறுங்கையோடு போனதில்லை என்று சொன்னால் அது பொய். பாதிப்பேர் போனார்கள். மீதிப் பாதி எனக்குப் போதும். பெரியவள் ஆனதும் என்ன செய்வாய் என்று யாராவது கேட்டால், "எங்க கடைய அருவி வரைக்கும் பெருசாக்குவேன்" என்பாள். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு குளிரும்.

இப்படி இருந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரர் போதும் வெளிநாடு என்று சீசன் தொடக்கத்தில் ஊர் வந்து சேர்ந்தார். வந்தவர் கடை நடுவில் நின்று, மூக்கைச் சுருக்கினார்.

"இது கடையா, குப்பமேடா நஸீபா? செக்மென்ட் பண்ணணும்."

"பெயிண்ட் அடிக்கணும்னு சொல்லுதியளா மச்சான்?"

"அதுவும்தான். பாதி நீலம், பாதி பிங்க். ஆம்பளப்பிள்ள சாமான் ஒரு பக்கம், பொம்பளப்பிள்ள சாமான் ஒரு பக்கம். உலகம் பூரா இப்படித்தான் விக்கான்."

"பிள்ளைய எல்லாம் குவியல்ல கை விட்டு எடுக்குதுல்லா. அதுக்கு என்ன கேடு?"

"நீ புரியாம பேசுத. அண்ணங்காரன் பந்து நீலம்னு வையி. தங்கச்சிக்காரி அதத் தொடமாட்டா. அவளுக்கு பிங்க் பந்து வேற வாங்கணும். ஒரே பந்து, ரெண்டு யாவாரம்."

நானும் வியாபாரி வீட்டில் பிறந்தவள்தான். கெட்டிக்காரத்தனத்தைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அண்ணன் பந்தைத் தங்கச்சி தொடாமல் இருப்பதற்கு நாம் பாடுபட வேண்டுமா என்றும் தோன்றியது. அதைச் சொல்வதற்குள் அவர் பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டார்.

நடுவில் ஒரு நைலான் கயிறு கட்டினார். அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்றா கேட்கிறீர்கள்? அருவியிலிருந்துதான். "அங்கன பாத்தியா? ஆம்பள ஒரு பக்கம், பொம்பள ஒரு பக்கம், நடுவுல போலீசு. எம்புட்டுக் கூட்டம் வந்தாலும் கொழப்பம் உண்டா?" என்றார். உலகம் பூரா சுற்றி வந்த மார்க்கெட்டிங் கடைசியில் எங்கள் அருவிக்கரையில் வந்து குளித்தது.

பிறகு சாமான்களைப் பிரிக்க உட்கார்ந்தோம். நான் எடுத்துக் கொடுக்க, அவர் தீர்ப்புச் சொன்னார்.

"டாக்டர் செட்டு?"

"நீலம்."

"எனக்குப் பிரசவம் பாத்தது லேடி டாக்டருல்லா?"

யோசித்தார். டப்பாவைப் பிரித்து, ஊசியையும் ஸ்டெதாஸ்கோப்பையும் நீலத்தில் வைத்தார். பஞ்சையும் கட்டுத்துணியையும் பிங்க்கில் வைத்தார். "இப்ப ரெண்டு செட்டு ஆச்சு பாத்தியா" என்று சிரித்தார்.

"யானை?"

"நீலம்."

"முயலு?"

"பிங்க்கு."

"மாடு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டார். "முட்டுத மாடுன்னா நீலம். கறக்குத மாடுன்னா பிங்க்கு" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் மாட்டைத் தலைகீழாகத் திருப்பி அடியில் பார்த்தார். செய்தவன் அங்கே ஒன்றுமே வைக்கவில்லை. வழுவழு என்று இருந்தது. மாட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இத அப்புறம் பாப்போம்" என்றார்.

"கிச்சன் செட்டு?"

"இதுக்கும் ஒரு கேள்வியா நஸீபா?"

கிச்சன் செட்டு பிங்க்குக்குப் போனது. ஜேசிபி, லாரி, துப்பாக்கி, விமானம் எல்லாம் நீலத்துக்குப் போயின. கல்லா மேசை வாசலுக்கு இடது பக்கம் கிடந்ததால் அதுவும் நீலத்தில் வந்தது. பெயிண்ட் மிச்சம் இருக்கிறது என்று அதற்கும் ஒரு பூச்சுப் பூசினார். சுவருக்கு மேலே கொட்டை எழுத்தில் 'ஆண்கள்', 'பெண்கள்' என்று எழுதி அம்புக்குறி போட்டார்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக ஒரு அம்மாள் ஈரப்புடவையோடு பிங்க் பக்கம் நுழைந்தாள். நேரே உள்ளே போய், கரடிப் பொம்மைகளுக்குப் பின்னால் மறைந்து நின்று, புடவையைப் பிழிய ஆரம்பித்தாள். நான் ஓடுவதற்குள் கயிற்றில் அதைக் காயப்போட்டும் விட்டாள். அவளைப் பார்த்துப் பின்னால் ஒரு குடும்பமே வந்தது. நீலப் பக்கத்தில் புனலூர்க்காரர் ஒருவர் இடுப்பில் துண்டோடு நின்று, "இவிட சோப்பு உண்டோ?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். அருவிக்குப் பக்கத்தில் ஆண்கள், பெண்கள் என்று எழுதி வைத்தால் உடை மாற்றுகிற இடம் என்றுதானே ஜனங்கள் நினைப்பார்கள்? இதுகூடத் தெரியாத மனுஷன் கடையைத் திருத்த வந்துவிட்டார்.

பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற குற்றாலீஸ்வரன் அண்ணாச்சி எண்ணெய்க் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன முஃபீத், யாவாரம் மாத்தியாச்சா? தலைக்கு எவ்வளவு வாங்குத?"

"அண்ணாச்சி, இதுக்குப் பேரு ஃபுட்ஃபால், கடைக்குள்ள விழுத காலடி. கூட்டம் உள்ள வருதுல்லா?"

"வருது. ஈரத்த விட்டுட்டுப் போவுது" என்றார் அண்ணாச்சி.

அன்று மாலையே என் வீட்டுக்காரர் 'ஆண்கள்' என்பதற்குப் பின்னால் 'குழந்தைகள்' என்று ஒட்டவைத்து எழுதினார். அதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

சனிக்கிழமை நிலோபர் வந்தாள். வந்ததும் வழக்கம்போல ஜேசிபியை எடுக்கப் போனாள். என் வீட்டுக்காரர் தடுத்தார்.

"பிள்ள, நீ இந்தப் பக்கம் இரு. கிச்சன் செட்டு வச்சு வெளாடிக் காட்டு. பொம்பளப்பிள்ளைய எல்லாம் உன்னப் பாத்துத்தான் வாங்கும்."

"ஜேசிபிய யாரு ஓட்டுவா?"

"வாப்பா ஓட்டுதேன்."

ஓட்டினார். முதல் ஓட்டத்திலேயே அண்ணாச்சி கடைச் சிப்ஸ் தட்டில் மோதினார். அடுத்த ஓட்டம் ஒரு கர்ப்பிணியின் காலில் ஏறியது. நிலோபர் பிங்க் பக்கம் நின்று அதைப் பார்த்து அழுதாள். வண்டிக்காக அழுதாளா, வாப்பாவுக்காக அழுதாளா தெரியவில்லை. அழுகையை நிறுத்த அவர் ஒரு போலீஸ் செட்டைப் பிரித்து, அதிலிருந்த விசிலை அவள் கழுத்தில் மாட்டினார்.

"இந்தா. யாரும் பக்கம் மாறாமப் பாத்துக்கோ. நீதான் நம்ம கடைக்குப் போலீசு."

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான் அது. பிறந்ததிலிருந்து அருவிச் சத்தத்தையும் போலீஸ் விசிலையும் கேட்டு வளர்ந்த பிள்ளை. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ரகம் வேறு. ஒரு பையன் பொம்மை வீட்டுப் பக்கம் கை நீட்டினால் பீப் என்று ஒரு ஊது. ஒரு சிறுமி லாரியைத் தொட்டால் இரண்டு ஊது. "பாய்ஸ் அந்தப் பக்கம். கேர்ள்ஸ் இங்கன வா" என்று கையை நீட்டுவாள். வந்தவர்கள் வீடியோ எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு இன்னும் கூட்டம் வந்தது. பிங்க் பந்தும் நீலப் பந்தும் ஜோடி ஜோடியாகப் போயின. என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் ஏட்டு சுந்தரபாண்டியன் வந்தார். சீசன் முழுக்க அவருக்கு மெயினருவியில் டூட்டி. ஆண்கள் பக்கத்திலிருந்து எவனாவது பெண்கள் பக்கம் நகர்ந்தால் விசிலடித்து விரட்டுகிறவர் அவர்தான். சொந்த ஊரான கடையத்திலிருந்து வந்திருந்த மனைவி யோகலட்சுமியையும் மகன் பிரபுவையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிரபுவுக்கு ஐந்து வயது இருக்கும். பையன் எந்த எழுத்தையும் பார்க்கவில்லை, எந்த நிறத்தையும் பார்க்கவில்லை. கயிற்றுக்கு அடியில் நுழைந்து நேரே கிச்சன் செட்டைக் கட்டிப்பிடித்தான்.

நிலோபர் ஊதினாள். பையன் நடுங்கிப்போய் அவளைப் பார்த்தான். ஏட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ரசித்தார்.

"சரியாச் செய்யுதா பிள்ள. அருவிக்கு அனுப்பி வைம்மா, எனக்குப் பாதி வேல கொறையும்."

"எனக்கு அடுப்பு வேணும்" என்றான் பிரபு.

"ஏலே, ஆம்பளப்பய அடுப்பு ஊதவா போற? அங்கன துப்பாக்கி இருக்கு பாரு."

"எனக்குக் கோழிக் கொழம்பு வைக்கணும். அப்பா மாதிரி."

யோகலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள். "ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல இவுக கைதான் மதினி. பிள்ளையப் பக்கத்துல உக்காரவச்சு மசாலா எல்லாம் காட்டிக் குடுப்பாவ. போலீசு கேம்ப்லயும் இவுக வைக்குத கோழிக்கு அடிச்சிக்கிடுவாவளாம்."

"ஏட்டி, சும்மா கெட" என்றார் ஏட்டு. காது இரண்டும் சிவந்துவிட்டன.

"அப்ப பிள்ளைக்கு அத எடுத்துக் குடுங்க சார்" என்றேன்.

"அது வேற, இது வேறம்மா."

இந்த ஒரு வாக்கியத்தை ஆண்கள் எல்லாரும் மொத்த விலையில் வாங்கி வீட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. துப்பாக்கிதான் வாங்கினார். பிரபு அழுதுகொண்டே அதை வாங்கி, வாசலில் கிடந்த மணலில் போய் உட்கார்ந்தான். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து மணலைக் கிண்டினான். கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு, ஊதி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான். "உப்பு காணாது" என்றான். யோகலட்சுமியும் நானும் சிரித்தோம். ஏட்டு சிரிக்காமல் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். போகும்போது மட்டும் நிலோபருக்கு ஒரு சல்யூட் வைத்து, "வெரி குட். விட்டுறாத" என்றார்.

அவ்வளவுதான். அதுவரைக்கும் விளையாட்டாக இருந்தது, அதன்பிறகு அரசாங்க உத்தரவாக ஆகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை காலையில் சாரல் பலமாக இருந்தது. அருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்க விடவில்லை. ரோட்டில் ஆளே இல்லை. என் வீட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். நிலோபர் பிங்க் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து ஜேசிபியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போ பிள்ள, எடுத்து ஓட்டு. யாருமே இல்லைலா" என்றேன்.

"அது ஆம்பள பக்கம் உம்மா."

"யாரு பாக்கப் போறா?"

"போலீசு இல்லன்னா ஆம்பளைய பொம்பள பக்கம் போய்க் குளிப்பாவளா?"

ஏழு வயதுப் பிள்ளை, இவ்வளவு நியாயமாக, இவ்வளவு அமைதியாகச் சொல்கிறது. போன மாதம் வரை அந்த வண்டியைக் கட்டிக்கொண்டு தூங்கியவள். முன்பெல்லாம் கயிறு கடையில் இருந்தது, இப்போது அது பிள்ளைக்குள் போய்விட்டது. இவளை நம்பித்தானே நான் இத்தனை வருஷம் இந்த ஷட்டரைத் தூக்கினேன்.

டீ குடித்துவிட்டு வந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

"துபாய்ல ஒங்க ரூமுல யாரு சோறு பொங்குனா?"

"நான்தான். எங்க ரூமுல எல்லாத்துக்கும் நான்தான்." பெருமையாகத்தான் சொன்னார்.

"நம்ம ஊருல கல்யாண வீட்டுல பிரியாணி ஆக்குதது யாரு? செங்கோட்டை ரோட்டுல புரோட்டா வீசுதது யாரு?"

"ஆம்பளையதான்."

"அப்ப கிச்சன் செட்டு எந்தப் பக்கம் இருக்கணும்?"

"அது வேற, இது வேற நஸீபா."

பாருங்கள், அதே வாக்கியம். தலையில் அடித்துக்கொண்டேன். "நம்ம மவ அந்த வண்டியத் தொடமாட்டேங்கா மச்சான். ஒங்களுக்குத் தெரியுதா?"

"சின்னப்பிள்ளைதான. வளந்தா சரியாயிரும். யாவாரம் எப்படிப் போவுது பாரு."

வியாபாரம் நன்றாகத்தான் போயிற்று. அதுதான் என் வாயை அடைத்தது. நஷ்டம் வந்திருந்தால் அன்றைக்கே கயிற்றை அறுத்துச் சாமான் கட்டியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. அருவியைத் திறந்துவிட்டார்கள். மூடியிருந்த நாளுக்கும் சேர்த்துக் கூட்டம் வந்தது. கடையில் நிற்க இடமில்லை. பகல் தொழுகைக்கு நேரமாகவே என் வீட்டுக்காரர் கல்லாவை விட்டு எழுந்து, "பாத்துக்கோ, தொழுதுட்டு ஓடி வந்துருதேன்" என்று பள்ளிவாசலுக்குப் போனார். நான் கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து, அந்தப் பக்கம் போய், கல்லாவில் உட்கார்ந்தேன். இழுப்பறையை இழுத்தேன்.

பீப் என்று சத்தம் கேட்டது.

யாரோ பையன் பக்கம் மாறிவிட்டான் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், நிலோபர் என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"உம்மா, இங்கன வாங்க. கல்லா ஆம்பள பக்கம்."

கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்கூட வரவில்லை. கை இழுப்பறையிலேயே இருந்தது.

"அப்ப கல்லாவுல யாரு இருப்பா?"

"வாப்பா."

"வாப்பா வாரவரைக்கும்?"

"சும்மா நிக்கணும்."

அவள் குறும்பாகச் சொல்லவில்லை. வகுப்பில் டீச்சருக்குப் பதில் சொல்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் சரி என்று எழுந்தேன். கயிற்றுக்கு அடியில் நுழைந்து பிங்க் பக்கம் வந்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சட்டம் என்றால் சட்டம். யார் போட்ட சட்டமோ அவரே வந்து பார்க்கட்டும்.

ஒரு பெரியவர் பந்தை நீட்டினார். "ஆம்பள வரணும்" என்றேன். ஒரு அக்கா பொம்மையை நீட்டினாள். "ஆம்பள வரணும்." திருநெல்வேலியிலிருந்து வேனில் வந்த கூட்டம் ஒன்று ஆளுக்கொரு சாமானைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, கடை தொறந்திருக்கா, பூட்டியிருக்கா?" என்று கத்தியது. "பாதி தொறந்திருக்கு" என்றேன். வரிசை வாசலைத் தாண்டி அண்ணாச்சி கடை வரைக்கும் போய்விட்டது. அண்ணாச்சி அந்த வரிசைக்கே சிப்ஸ் விற்க ஆரம்பித்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றாமலே ஓடிவந்தார். கூட்டத்தையும் காலி கல்லாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன செய்யுத நஸீபா? அங்கன உக்காந்துட்டு?"

"ஒங்க மவகிட்ட கேளுங்க."

"உம்மா கல்லாவுல உக்காந்தாவ வாப்பா. நான் விசிலடிச்சேன்" என்றாள் நிலோபர். பாராட்டு வரும் என்று காத்து நின்றாள்.

அவர் முதலில் சிரித்தார். "உம்மா உக்காரலாம் பிள்ள. எட்டு வருஷமா உம்மாதான உக்காந்தா?"

"அப்ப கயிறு இல்லைலா."

"நாளைக்கு நீ பெரியவளானா நீயும்தான் உக்காரணும். ஒன் பேருலதான கடையே இருக்கு."

நிலோபர் தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாள். "நான் எப்படி உக்கார? எனக்குத்தான் தம்பி இல்லையே. நீங்க வயசானதும் கடைய வித்துருங்க வாப்பா."

வரிசையில் நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த முகத்தை நான் ஏர்போர்ட்டில்தான் பார்த்திருக்கிறேன், லீவு முடிந்து திரும்பிப் போகும்போதெல்லாம் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே நடக்கிறபோது. யாருக்காக அங்கே கிடந்தேன், யாருக்காக வந்தேன் என்று அந்த மனுஷனுக்கு அந்த நிமிஷம் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் எல்லாம் போய், பாவமாகிவிட்டது.

"வித்துரணுமா?" என்றார்.

"ஆமா."

அவர் கயிற்று முடிச்சில் கையை வைத்தார். முதல் நாள் ஈரப்புடவைகள் தொங்கி இறுகிப்போன முடிச்சு. அவிழவில்லை. பல்லால் கடித்தார். அதற்கும் வரவில்லை. அண்ணாச்சி வாழைக்காய் சீவுகிற கத்தியை நீட்டினார். என் வீட்டுக்காரர் கயிற்றை அறுத்துத் தரையில் போட்டார்.

"இனி கடையில பக்கம் எல்லாம் கெடையாது பிள்ள."

நிலோபர் அசையவில்லை. கயிறு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். "அப்ப அருவியில?"

"அருவியில உண்டு. அங்கன துணி மாத்தணும். வெளாடுததுக்குப் பக்கம் கெடையாது. வாப்பா தப்பாச் சொல்லிட்டேன்."

"ஏட்டய்யா சரின்னு சொன்னாவளே?"

"ஏட்டய்யாவும் தப்பாச் சொல்லிட்டாவ. நான் போய் அவுககிட்டச் சொல்லுதேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லி அவள் நம்பினால், நாளைக்கு வேறு எவனாவது வேறு மாதிரிச் சொன்னாலும் நம்புவாளே. பேசாமல் எழுந்து நடந்து, கல்லாவில் போய் உட்கார்ந்தேன். விசில் அவள் வாயில்தான் இருந்தது. ஊதுவாளோ என்று, சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குப் பயமாகவே இருந்தது.

ஊதவில்லை. நின்றாள். பிறகு விசிலைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, கயிறு கிடந்த இடத்தைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றாள். மேசைக்கு மேலே அவள் கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

வரிசையில் முதலில் நின்ற பெரியவர் பொறுமை இழந்துவிட்டார். பணத்தை நீட்டிக்கொண்டு என்னையும் என் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப யாருகிட்டத்தான்மா குடுக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேசைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"இப்ப எங்க உம்மாகிட்டக் குடுங்க. பெறவு என்கிட்டக் குடுக்கலாம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்களிடம் இடிக்காமல் நில்லுங்கள் என்று சத்தம் போட்டுவிட்டு, பெரியவரிடம் பணத்தை வாங்கினேன்.